மதுரைப் பாதம்: பெயர் பெற்ற நோயும் பெயரறியா நோயாளரும்

மதுரை மாநகர் தமிழரின் நினைவிலே சங்கத்தோடும் மீனாட்சியம்மன் கோயிலோடும் திருமலை நாயக்கரின் மகாலோடும் பின்னிப்பிணைந்து கிடப்பது. ஆயின் தமிழறியாத வேறோர் உலகிலே, சூடானிலும் மெக்சிக்கோவிலும் செனகாலிலும் பணிபுரியும் மருத்துவர் மத்தியிலே, அந்நகரின் பெயர் முற்றிலும் வேறான காரணத்தால் வழங்கிவருகின்றது. காலை மெல்ல மெல்ல அரித்து முடமாக்கும் நோயொன்றை அவர்கள் ‘மதுராப் பாதம்’ என அழைப்பர். மருத்துவபீட நண்பர் ஒருவர் தமது பாடநூலைத் திறந்து, வீங்கிப் புடைத்துப் பல துவாரங்களோடு தோன்றிய ஒரு பாதத்தின் படத்தையும், அதன்கீழ் அச்சிடப்பட்டிருந்த மதுரையின் பெயரையும் சுட்டிக்காட்டி, “உங்கள் வரலாற்று வகுப்பிலே இந்த மதுரையைப் படிப்பிப்பதில்லையா?” என்று வினவியமையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். படிப்பிப்பதில்லை என்பதே உண்மை.

ஒரு நோய் எவ்வாறு அறியப்பட்டது என்பதும், அவ்வறிவு யாரிடம் சென்று சேர்ந்தது என்பதும் இருவேறு வினாக்கள். மருத்துவ வரலாற்று நூல்கள் முதலாவது வினாவுக்குப் பக்கம் பக்கமாக விடை தருகின்றன. இரண்டாவதைப் பற்றி அவை பேசுவது அரிது. மதுரைப் பாதத்தைப் பொறுத்தவரை, ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளில் நோயை இனங்காணும் அறிவு அடைந்த வளர்ச்சிக்கும், நோயாளி வைத்தியரின் முன் வந்துநிற்கும் கட்டத்தில் ஏற்பட்ட மாற்றத்துக்கும் இடையே பாரிய இடைவெளி உண்டு. 1842 ஆம் ஆண்டில் மதுரை மருந்தகத்துக்கு எந்நிலையில் ஒருவன் வந்தானோ, ஏறத்தாழ அந்நிலையிலேயே இன்றும் அநேகர் வருகின்றனர். இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

முதற்கண் நோயின் இயல்பு பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கலைப்பீட மாணவனொருவன் மருத்துவம் பேசத் துணிவதை அறிந்தோர் பொறுத்தருள்வாராக. மண்ணில் வாழும் சிலவகைப் பங்கசுக்களோ பற்றீரியாக்களோ, முள் தைத்த காயம் போன்றதொரு சிறு வழியாகத் தோலின்கீழ்ப் புகுகின்றன எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ அவ்விடத்தில் ஒரு சிறு கட்டி தோன்றும். அது நோவதில்லை. பின்னர் கட்டி பெருத்து, அதிலே துவாரங்கள் திறந்து, அவற்றினூடாகச் சீழும் அச்சீழோடு கறுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு ஆகிய நிறங்களுள் ஒன்றைக்கொண்ட குறுமணிகளும் வெளிப்படும். அக்குறுமணிகள் கிருமிகள் திரண்டு செறிந்த கூட்டங்களே. இறுதியிலே எலும்பும் அரிக்கப்பட்டுப் பாதம் தன் உருவை இழக்கும். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு இவ்வாறு நடந்து திரிந்தவர்களும் உளர். விஞ்ஞானிகள் இதற்கு மைசெற்றோமா, அதாவது பங்கசுக் கட்டி, எனப் பெயரிட்டனர். காலையே பெரிதும் பற்றினும் கை, முதுகு முதலிய ஏனைய உறுப்புக்களிலும் இது தோன்றுவதுண்டு. மத்தியகோட்டுக்கு வடக்கே 30 பாகைக்கும் தெற்கே 15 பாகைக்கும் இடைப்பட்ட வறண்ட நிலங்களிலே இந்நோய் மிகுதி. அப்பகுதிகளிலும் இதற்கு ஆளாவோர் பெரும்பாலும் வெறுங்காலோடு வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் உழைக்கும் ஆண்கள். அவர்களுள்ளும் பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதினர் மிகப் பலர். ஒரு குடும்பத்தின் உழைப்பாளியையே தேர்ந்தெடுத்து முடக்கும் நோய் இது.

இந்நோய் இந்தியாவிலே பழமையானது என்பதற்குச் சான்றாக, வடமொழி மருத்துவ மரபிற் காணப்படும் ‘வல்மீகம்’ என்ற சொல்லை மருத்துவ எழுத்தாளர் மேற்கோளாகக் காட்டுவது வழக்கம். வல்மீகம் என்பது கறையான் புற்று. ‘பாதவல்மீகம்’ என்பது பாதத்திற் புற்று. பல வாய்களோடு புடைத்தெழும் கட்டிக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. ஆயினும் பழைய நூலொன்றிலே வரும் ஒரு சொல்லை இன்றைய நோயொன்றோடு ஐயமறப் பொருத்திவிடுதல் வரலாற்று மாணவனுக்கு ஏற்புடையதன்று. சுசுருதர் வல்மீகத்தை உள்ளங்காலில் மட்டுமன்றி உள்ளங்கை, மூட்டு, கழுத்து ஆகிய இடங்களிலும் தோன்றுவதாகவே கூறியுள்ளார். ஒரே பெயரின்கீழ்ப் பல நோய்கள் அடங்கியிருத்தல் கூடும். இவ்விடத்து மற்றொன்றும் நோக்கற்பாலது. தமிழிலே ‘புற்று’ என்ற சொல் இன்று முற்றிலும் வேறொரு கொடிய நோய்க்கு உரித்தாகிவிட்டது. பாதத்துப் புற்று என்று இன்று ஒருவர் கூறின், கேட்போர் விளங்கிக்கொள்வது வேறு. தனக்கு மிகப் பொருத்தமான தமிழ்ச் சொல்லை இந்நோய் இவ்வாறு இழந்துநிற்கின்றது.

ஐரோப்பியர் தொடர்பு ஏற்பட்ட பின்னர், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியிற் கடமையாற்றிய செர்மானிய மருத்துவர் எங்கெல்பேட் கெம்பர், மலபார்க் கரையிலே தாம் கண்ட கால்வீக்கமொன்றை ‘பெரிகால்’ என்னும் பெயரோடு வருணித்தார். அவரது ஆய்வேடு 1694 இலும், பெருநூல் 1712 இலும் வெளிவந்தன. அவர் கண்டது பெரும்பாலும் யானைக்கால் நோயே எனலாம். புண்களோடு கூடியதாக அவர் கூறும் சில மைசெற்றோமாவாகவும் இருக்கக்கூடும் என்பது சிலர் கருத்து. பருத்த கால் யாவும் மக்கள் வழக்கிலே ஒரே பெயரிலேயே வழங்கின என்பது இதனாற் புலனாகின்றது. இக்குழப்பம் இன்றளவும் முற்றாக நீங்கவில்லை.

1842 இல் மதுரை மருந்தகத்திலே பணிபுரிந்த கில் என்னும் மருத்துவர், இந்நோயைத் தனியொரு நோயாக முதன்முதலிற் பதிவு செய்தார். அதே மருந்தகத்திற் கடமையாற்றிய கோல்புறூக் 1846 இல் அதனை உறுதிப்படுத்தி எழுதியபோது ‘மதுராப் பாதம்’ என்ற பெயரைக் கையாண்டார். அதே ஆண்டிலே கோட்பிறி என்பாரும் சென்னை மாகாணத்திலே தாம் கண்டதை, முன்னர் எவரும் வருணிக்காத பாதநோய் எனக் குறிப்பிட்டு இலண்டன் ‘லான்செற்’ சஞ்சிகையில் எழுதினார். ‘முன்னர் எவரும் வருணிக்காத’ என்ற கூற்று நம்மைச் சற்றுச் சிந்திக்க வைக்கின்றது. நோயாளர் அதனைப் பல தலைமுறைகளாகச் சுமந்துவந்தனர். வருணனை எனப்படுவது எந்த மொழியில், எவ்விதழில் இடம்பெறவேண்டும் என்ற தீர்மானம் வேறிடத்தில் எடுக்கப்பட்டிருந்தது.

‘மதுராப் பாதம்’ என்பது அந்நாளில் உள்ளூரில் வழங்கிய பெயரே என மருத்துவ நூல்கள் பொதுவாகக் கூறும். இதனை அப்படியே ஏற்றுக்கொள்வதில் ஒரு சங்கடம் உண்டு. மதுரைச் சீமையின் குடியானவன் தன் கால் நோயை ‘மதுரைக் கால்’ என்று அழைத்திருப்பான் என எண்ணுதல் கடினம். ஊரின் பெயரால் நோயை அழைப்போர் அவ்வூருக்கு அயலாரே. இலங்கையிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பலிலே நோய் கண்டால் அதனை ‘இலங்கை நோய்’ என்போர் துறைமுகத்தில் நிற்போரேயன்றிக் கப்பலில் இருப்போரல்லர். ஆதலின் இப்பெயர் பக்கத்து மாவட்டத்தாராலோ, படையினராலோ, மருந்தகத்தாராலோ எழுந்ததாதல் வேண்டும் என்பது இக்கட்டுரையாளனின் துணிபு. நோயாளி வழங்கிய பெயர் எதுவோ அது பதிவேட்டிலே நிலைபெறவில்லை.

இனி, அம்மருத்துவர்கள் எதனைக் கண்டு எழுதினர் என்பதை நோக்குவோம். மருந்தகத்தை நாடி வந்தோர் பெரும்பாலும் நடக்கவியலாத நிலையை அடைந்தவர்கள். அக்காலத்திலே இந்நோய்க்குரிய ஒரே பரிகாரம் காலைத் துணித்தல். துணிக்கப்பட்ட கால் மதுசாரத்திலே இடப்பட்டு நூதனசாலைக்கு அனுப்பப்பட்டது; வெட்டி ஆராயப்பட்டது; ஓவியமாக வரையப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவம் இந்நோயைப் பற்றி அறிந்தவற்றுட் பெரும்பகுதி, இவ்வாறு உடலினின்று பிரிக்கப்பட்ட பாதங்களிலிருந்து பெறப்பட்டதே. நோயின் கடைசி அத்தியாயத்தை மாத்திரம் திரும்பத் திரும்ப வாசித்தோர் நூல் முழுவதையும் வாசித்ததாக எண்ணிக்கொண்டனர். முதற் கட்டி எப்போது தோன்றிற்று, அப்போது அம்மனிதன் யாது செய்தான், யாரிடம் சென்றான் என்ற விபரங்கள் பாதத்தோடு மதுசாரத்தில் இடத்தக்கவையல்ல.

இக்குறையைக் கூறிய பின்னர், அவ்வாறு ஆராய்ந்தோருள் ஒருவரின் பெருமையைக் கூறாது விடுதல் நன்றியின்மையாகும். ஹென்றி வான்டைக் காட்டர் 1831 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1858 இல் வெளிவந்து இன்றுவரை மருத்துவ மாணவர் கையில் தவழும் கிறேயின் உடற்கூற்று நூலுக்கு ஓவியம் வரைந்தவர் இவரே. ஓவியங்களே அந்நூலின் உயிர் என்பர். எனினும் நூல் கிறேயின் பெயரால் நின்றது, காட்டருக்குக் கிடைத்த புகழ் சொற்பம். அதே 1858 இல் அவர் பம்பாய்க்கு வந்து கிறான்ற் மருத்துவக் கல்லூரியிற் போதிக்கத் தொடங்கினார். பாதங்களை வெட்டி நுணுக்குக்காட்டியின்கீழ் நோக்கிய அவர், 1860 இல் இது பங்கசு ஒன்றினால் விளையும் நோய் என எழுதி, மைசெற்றோமா என்ற பெயரையும் வழங்கினார். பற்றீரியாக்கள் நோய்க்குக் காரணமாகும் என்பது நிலைநாட்டப்படுவதற்கு முந்திய காலத்திலே கூறப்பட்ட கருத்து இது என்பதை மனங்கொள்ளல் வேண்டும். 1874 இல் வெளியான அவரது தனிநூலின் வண்ண ஓவியங்கள், அறுவைக் கத்தியும் தூரிகையும் ஒரே கையில் அமைந்ததன் பேறு.

காட்டர் இருவகைக் குறுமணிகளை வேறுபடுத்திக் காட்டினார்: ஒன்று கரியது, மற்றது வெளிறியது. இரண்டும் ஒரே பங்கசின் இருவேறு நிலைகளாகலாம் என்ற எண்ணத்திலிருந்து அவர் விடுபடவில்லை. நிறத்தை மிகச் சரியாகக் கண்டவர் அதன் பொருளைக் காணவில்லை. நாம் பின்னர் காணவிருப்பதுபோல், நோயாளியின் கால் எஞ்சுமா என்ற வினாவே இந்நிற வேறுபாட்டிற் பெரிதும் தங்கியுள்ளது.

இவ்விடத்திலே விஞ்ஞான வரலாற்றில் அடிக்கடி நிகழும் விபத்தொன்று குறுக்கிட்டது. பாதுகாத்து வைக்கப்பட்ட பாதமொன்றின்மேல் செந்நிறப் பூஞ்சணம் படர்ந்திருப்பதைக் காட்டர் கண்டார். அதுவே தாம் தேடிய பங்கசு என எண்ணி இங்கிலாந்துக்கு அனுப்ப, அக்காலத்துப் பங்கசியல் அறிஞருள் முதல்வரான பேர்க்கிலி அதற்குக் கயோனிபே காட்டரி எனப் பெயர் சூட்டினார். உண்மையில் அது வெளியிலிருந்து வந்து படர்ந்த சாதாரணப் பூஞ்சணமே. 1875 இல் கல்கத்தாவில் லூயிஸ், கனிங்காம் என்போர் இந்நோய் பற்றித் தனி அறிக்கையொன்றை வெளியிட்டு, பங்கசே காரணம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என வாதிட்டனர். அவர்தம் கண்டனம் பூஞ்சணத்தைப் பொறுத்தவரை சரியானது. நோயைப் பொறுத்தவரை தவறானது. தவறான சான்றினாற் சரியான முடிவும் ஐயத்துக்குள்ளாகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

முடிச்சு அவிழ்ந்தது இந்தியாவில் அன்று. 1894 இல் பிரான்சிய மருத்துவர் வின்சென்ற், அல்சீரியாவிலே நோயாளியொருவரின் வெளிறிய குறுமணிகளிலிருந்து நுண்ணுயிரொன்றைத் தனியே பிரித்து வளர்த்தார். அது பங்கசு அன்று. இழைபோல் வளரும் ஒருவகைப் பற்றீரியா. வட ஆபிரிக்கப் பாதமொன்றிற் கிடைத்த அதற்கு அவர் மதுரையின் பெயரையே இட்டார். பிற்காலத்தில் அதன் பேரினப் பெயரிலும் மதுரை புகுந்துகொள்ளவே, இன்று அது அக்ரினோமதுரா மதுரே என ஒருமுறைக்கு இருமுறை மதுரையை உச்சரிக்கும் பெயரோடு விளங்குகின்றது! கரிய குறுமணிகளுக்குக் காரணமான உண்மைப் பங்கசை லவரான் 1902 இல் பெயரிட்டு வருணித்தார். 1905 இல் புறூம்ற் அதற்கு மதுரெல்லா என்ற பேரினத்தை அமைத்தார். 1913 இல் பினோய் இவ்விரு பிரிவுகளையும் கொள்கையளவில் தெளிவாக வேறுபடுத்தினார். காட்டர் கண்ட இருநிறங்களும் இருவேறு உயிர்வகைகளின் அடையாளங்கள் என்பது உறுதியாக அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

இவ்வரலாற்றிலே நம் நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே கொழும்பு மருத்துவக் கல்லூரியின் பதிவாளராக விளங்கியவர் அல்பேட் சாமர்ஸ். கொழும்புப் பற்றீரியவியல் நிலையத்தின் பணிப்பாளராகவிருந்த இத்தாலியர் கஸ்தெல்லானியோடு சேர்ந்து அவர் எழுதிய அயனமண்டல மருத்துவக் கைந்நூல் 1910 இல் வெளிவந்து, பல பதிப்புக்களைக் கண்டது. 1913 இல் சாமர்ஸ் கார்ட்டூமிலுள்ள வெல்கம் ஆய்வுகூடங்களின் பணிப்பாளராகச் சென்றார். அங்கே ஆர்ச்சிபோல்ட் என்பாரோடு இணைந்து மைசெற்றோமாக்களை வகைப்படுத்தி 1916 இலும் 1918 இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள், பங்கசாலானவை, பற்றீரியாவாலானவை என்ற பாகுபாட்டை மருத்துவ உலகில் நிலைபெறச் செய்தன. மதுரையிலே பெயர் பெற்ற நோய் பற்றிய ஆய்வின் மையம் அதன்பின் நைல் நதிக்கரைக்குப் பெயர்ந்தது எனலாம். 1956 இல் அபொட், இரண்டரை ஆண்டுக் காலத்தில் சூடானிய வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட 1231 மைசெற்றோமா நோயாளரைப் பற்றி எழுதியபோது, இந்நோய் அங்கு எத்துணைப் பரந்தது என்பது உலகுக்குத் தெரியவந்தது.

இப்பாகுபாடு வெறும் நூலறிவன்று. பற்றீரியாவால் வந்த நோய்க்கு நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் பயன்தரும். 1987 இல் மெக்சிக்கோவிலே வெல்ஷ் என்பாரும் அவர் குழுவினரும் அமிக்காசின், கோற்றைமொக்சசோல் ஆகிய இருமருந்துகளையும் இணைத்துக் கையாண்ட முறையினால், கைவிடப்பட்ட நிலையிலிருந்தோரும் குணமடைந்தனர். பங்கசால் வந்த நோயோ அம்மருந்துகளுக்கு அசையாது. அதற்கு இட்ராக்கொனசோல் போன்ற பங்கசுகொல்லியை ஓராண்டு அளவுக்கேனும் நாள்தோறும் உட்கொண்டு, சத்திரசிகிச்சையும் செய்துகொள்ளல் வேண்டும். ஒன்றுக்குரிய மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் பணமும் காலமும் வீணாகி, எலும்பும் அரிக்கப்பட்டுவிடும்.

எனவே இனங்காணல் என்பது இங்கு ஈரடுக்குக் கொண்டது: முதலில் இது மைசெற்றோமாவா என அறிதல், பின்னர் எவ்வகை என அறிதல். கறுப்புக் குறுமணி கண்டால் பெரும்பாலும் பங்கசு எனலாம். வெள்ளையோ மஞ்சளோ எனின் இரண்டுமாகலாம். ஆழத்திலிருந்து இழையத்தை வெட்டியெடுத்துச் சாயமிட்டு நோக்கின் வகை தெரியும். வளர்ப்பூடகத்தில் வளர்த்து நோக்க வாரக்கணக்கிற் செல்லும். பரம்பரையலகுச் சோதனை இனத்தையே துல்லியமாகக் காட்டும்; ஆனால் அதற்கு வேண்டிய கருவி நோய் மலிந்த கிராமங்களிலிருந்து நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் உள்ளது. எலும்புக் காசம், எலும்பழற்சி, சாதாரணக் கட்டி என்றெல்லாம் பிழையாகக் கணிக்கப்பட்டுப் பல கைகள் மாறிய பின்னரே அநேகர் உரிய இடத்தை அடைகின்றனர். இந்நோயைக் குருதிப் பரிசோதனை மூலமோ வேறு எளிய முறையிலோ கிராமத்து மருந்தகத்தில் வைத்தே கண்டுபிடிக்கத்தக்க நம்பகமான சோதனை எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. காட்டரின் நுணுக்குக்காட்டி எத்துணை திருத்தமுற்றது என்பதை எண்ணுங்கால், இக்குறை தற்செயலானதாகத் தோன்றவில்லை. செல்வர் காலைப் பற்றாத நோய்க்குச் சோதனை செய்து இலாபமீட்ட விழைவோர் எவருமிலர்.

சோதனையின் குறையை மாத்திரம் கூறி அமைதல் நேர்மையாகாது. சிறு கட்டியாக இருக்கும்போதே வந்தால், சிறு சத்திரசிகிச்சையோடும் மருந்தோடும் கால் தப்பும். அப்போது ஏன் வருவதில்லை? நோவாத கட்டிக்காக ஒருநாட் கூலியை இழக்க எவரும் உடன்படார். வைத்தியசாலை தொலைவில், பயணச் செலவு அதிகம். துவாரம் திறந்து சீழ் வடியத் தொடங்கியதும் வெட்கம் வந்து சேர்கின்றது. திருமணம் தடைப்படும் என்ற அச்சம் வருகின்றது. முன்பு அதே நோயோடு சென்றவர் காலை இழந்து திரும்பியதைக் கண்டவர்கள், வைத்தியசாலை என்றாலே கால் அறுக்கும் இடம் என்று எண்ணிப் பின்வாங்குகின்றனர். இவ்வச்சத்தை அறியாமை என்று நாம் இலகுவில் ஒதுக்கிவிடுகின்றோம். 1842 முதல் நடந்ததைப் பார்த்தால் அது அனுபவத்தினின்று பெற்ற முடிவே. தாமதம் காலறுவையை விளைவிக்கின்றது. காலறுவை அடுத்தவரின் தாமதத்தை விளைவிக்கின்றது. கார்ட்டூமின் பல்லாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2012 இல் வெளிவந்த ஆய்வொன்று, நோயாளருள் நான்கில் ஒருவர் அளவினரே குணமடைந்தனர் என்றும், பாதிக்கு மேற்பட்டோர் இடைநடுவில் வருகையை நிறுத்திவிட்டனர் என்றும் காட்டியது.

உலக அமைப்புக்களின் கண்களுக்கும் இந்நோய் நெடுங்காலம் புலப்படவில்லை. பெரும்பாலான நாடுகளில் இது கட்டாயமாக அறிவிக்கப்படவேண்டிய நோயன்று. அறிவிக்கப்படாதது கணக்கில் வராது. கணக்கில் வராததற்கு நிதி கிடையாது. உலகெங்கும் வெளியான கட்டுரைகளைத் திரட்டி 2013 இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்று 8763 நோயாளரையே எண்ண முடிந்தது. மெக்சிக்கோ, சூடான், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்தே அவர்களுட் பெரும்பாலோர் பதிவாகினர். இந்தியாவினுள்ளே இராசத்தானும் தமிழகமும் அடிக்கடி குறிப்பிடப்படுவன. உலக சுகாதாரப் பேரவை 2016 மே மாதத்திலேயே மைசெற்றோமாவைப் புறக்கணிக்கப்பட்ட அயனமண்டல நோய்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. கில் எழுதிய ஆண்டிலிருந்து கணித்தால் இடையே 174 ஆண்டுகள். 2022 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முன்னுரிமைப் பங்கசுப் பட்டியலிலும் இந்நோயின் பங்கசுக்கள் உயர் முன்னுரிமைப் பிரிவிலே இடம்பெற்றன.

அங்கீகாரம் கிடைப்பதற்கு முன்னரே செயலில் இறங்கியோர் சூடானியர். 1991 இல் கார்ட்டூமின் சோபா பல்கலைக்கழக வைத்தியசாலையிலே பேராசிரியர் அகமத் ஹசன் பாஹல் தலைமையில் மைசெற்றோமா ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்நோய்க்கெனவே அமைந்த அந்நிலையத்தில் இலவச ஆலோசனை, கழியொலிப் பரிசோதனை, இழைய ஆய்வு, மருந்து, செயற்கைக் கால் ஆகிய யாவும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. இதனினும் முக்கியமானது பின்னர் நடந்தது. நோயாளி வரும்வரை காத்திராது, நோய் மலிந்த சென்னார் மாநிலத்து வாத் ஒன்சாக் கிராமத்திலேயே ஒரு கிளை நிலையம் நிறுவப்பட்டது. வைத்தியரும் மாணவரும் வீடு வீடாகச் சென்று கால்களைப் பார்த்தனர். கட்டி சிறிதாயிருக்கையிலேயே அக்கிராமத்தில் வைத்தே அகற்றினர். முள்வேலியிட்ட கால்நடைப் பட்டிகள் குடியிருப்போடு ஒட்டியிருத்தலின் தீங்கு, பாதணி அணிதல், நோவாத கட்டியையும் காட்டுதல் ஆகியவற்றை மக்களோடு அமர்ந்து பேசினர். மருந்தகத்து மேசையிற் கிடந்த பாதத்திலிருந்து தொடங்கிய அறிவு, முதன்முறையாக நடமாடும் பாதத்தைத் தேடிச் சென்றது. பங்கசு மைசெற்றோமாவுக்கென நடைபெற்ற முதலாவது முறையான மருந்துப் பரிசோதனையும் அந்நிலையத்திலேயே 2017 இல் ஆரம்பமானது. வாரம் ஒருமுறை உட்கொள்ளும் பொஸ்ராவுக்கொனசோல் என்னும் புதுமருந்து இட்ராக்கொனசோலோடு ஒப்பிடப்பட்டது. 2024 இல் வெளியான முடிவுகள் அது பழையதனிலும் மேம்பட்டதெனக் காட்டவில்லை. ஆயினும் நாள்தோறும் மாத்திரை விழுங்கவேண்டிய கிராமத்தானுக்கு வாரம் ஒருமுறை என்பது சிறிய சலுகையன்று.

தமிழகத்து மதுரையில் இத்தகைய முயற்சியொன்று தோன்றாமைக்கு, அங்கு நோய் சூடானிற்போல் மலிந்திருக்கவில்லை என்பது ஒரு காரணமாகலாம். ஆயினும் சுவரொட்டியொன்றில் எழுதுவதற்கு முதலில் வேண்டுவது நோயின் பெயர். ‘மைசெற்றோமா’ என எழுதினால் எவர்க்கும் விளங்காது. ‘யானைக்கால்’ என எழுதினால் தவறாக விளங்கும். ‘புற்று’ என எழுதினால் பேரச்சம் விளையும். ‘மதுரைப் பாதம்’ என எழுதினால் மதுரையார் சினங்கொள்ளுதல் கூடும். இக்கட்டுரைத் தலைப்புக்கே அந்நகரத்தார் மன்னிப்பாராக. ‘முள் தைத்த காலில் நோவாத கட்டி’ என நோயின் தொடக்கத்தைக் கூறும் தொடரொன்றே ஒருவேளை பயன்தரலாம் எனத் தோன்றுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வழங்கிய பெயர்கள் யாவும் நோயின் முடிவைக் கண்டு இடப்பட்டவை.

2023 ஏப்பிரலில் சூடானிலே போர் மூண்டது. கார்ட்டூம் போர்க்களமாயிற்று, சோபாவில் இருந்த நிலையமும் போரிலே அழிந்தது. கட்டடம் இழக்கப்பட்டமை ஒருபுறமிருக்க, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேகரிக்கப்பட்ட இழைய மாதிரிகளும் குறுமணிகளும் தரவுகளும் அடங்கிய களஞ்சியம் முழுவதும் இழக்கப்பட்டதாக 2025 இல் அதன் பணிப்பாளர் அறிவித்தார். அந்நிலையத்தின் ஏட்டிலே பெயர் பதிந்திருந்த ஆயிரக்கணக்கானோர் நாடெங்கும் சிதறினர். ஓராண்டு மருந்தை நடுவழியில் விட்டுச் சென்றோர் அவர்களுள் உளர். அடுத்த வருகைக்கு நாள் குறிக்கப்பட்டுப் போகமுடியாதோரும் உளர். அவர்களுட் பலர் அகதிகளாய் முட்கள் நிறைந்த அதே நிலத்தினூடாக நடந்தே சென்றனர்.